நாலாவது கொட்டாங்குச்சி

(ஒக்கூர் காலனிச் சாவடியில் நடந்த வாசிப்புக் கூட்டத்தில் தோழர்கள், கல்லூரி மாணவர்கள் முன்பு பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே, தங்கச்சி தம்பிகளே, பின்னாடி திண்ணையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கும் நடுவர் பெருமக்களே, எல்லாருக்கும் ஜெய் பீம்.

நடுவர்கள் என்று கேலிக்குச் சொல்லவில்லை. அவங்க நிஜமாகவே நடுவர்கள். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகள். ஆறு மாசமாக மூணு நாவல் படித்து, சண்டை போட்டு, ஓட்டுப் போட்டு, ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். அழைப்பிதழில் 'தலித் இலக்கியமும் சிறுவர் வாசிப்பும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்பைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. இந்தச் சாவடியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கோட்பாடு வேணுங்கிற தோழர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

விஷயம் ஒரு கேள்வியில் தொடங்கியது. 2025 ஜூன் மாசம், சாகித்திய அகாதெமி 'பால சாகித்திய புரஸ்கார்' அறிவித்தது. தமிழில் விஷ்ணுபுரம் சரவணன் எழுதிய 'ஒற்றைச் சிறகு ஓவியா' என்ற நாவலுக்குக் கிடைத்தது. வங்கியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேப்பரில் பார்த்தேன். சாயங்காலம் இங்கே படிப்பு வகுப்புக்கு வந்தபோது பிள்ளைகளிடம் சொன்னேன். 2010இலிருந்து இந்த விருது கொடுக்கிறார்கள், 24 மொழியில் கொடுக்கிறார்கள், 50,000 ரூபாயும் ஒரு செப்புப் பட்டயமும் தருவார்கள் என்று எனக்குத் தெரிந்த விவரத்தையெல்லாம் ஒப்பித்தேன். எட்டாவது படிக்கிற ஒரு பிள்ளை கேட்டது: "யாரு மாமா முடிவு பண்றாங்க?"

"மொழிக்கு மூணு பேர் நடுவர்கள். பெரிய எழுத்தாளர்கள், அறிஞர்கள்."

"சின்னப் புள்ளைக புத்தகத்துக்குத்தானே பரிசு? சின்னப் புள்ளைகளக் கேட்டாங்களா?"

எனக்குப் பதில் இல்லை. தோழர்களே, நான் பதினைந்து வருஷமாகக் கவிதை எழுதுகிறவன். யாருக்காக யார் பேசுவது என்று மேடைக்கு மேடை கேட்கிறவன். எங்களுக்காக நீங்கள் எழுதாதீர்கள், எங்களைப் பற்றி நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்று எத்தனை கூட்டத்தில் சத்தம் போட்டிருக்கிறேன்! அதே கேள்வியை ஒரு பதின்மூன்று வயசுப் பிள்ளை என் பக்கம் திருப்பியபோது வாயடைத்துப் போனேன்.

இந்த ஊரின் பெயரைச் சொன்னால் தமிழ் படித்தவர்கள் உடனே 'மாசாத்தியார்' என்பார்கள். ஒக்கூர் மாசாத்தியார் சங்ககாலப் பெண்பாற் புலவர். புறநானூற்று 279ஆம் பாட்டு அவருடையது. தகப்பனையும் புருஷனையும் போரில் இழந்த ஒரு தாய், பறைச்சத்தம் கேட்டதும் தன் ஒரே மகனுக்குத் தலைசீவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். மறத்தாயின் வீரம் என்று எனக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கினேன். அந்தப் பாட்டின் பொருளை இங்கே சொன்னேன். அதே பிள்ளை கேட்டது: "அந்த அம்மா மகனக் கேட்டுச்சா?"

இரண்டும் ஒரே கேள்விதான். அந்த வாரச் சம்பளத்தில் மூணு நாவல் வாங்கினோம். விருது வாங்கிய நாவல்கள் மட்டும் என்று முடிவு. ஒன்று, 2020இல் பரிசு பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. இரண்டாவது, 2023இல் பரிசு பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. மூணாவது, இந்த ஓவியா. ஒவ்வொன்றிலும் மூணு பிரதி. நாலு சங்கத் தோழர்கள் பணம் போட்டார்கள். பெரியவர்கள் கொடுத்த பரிசை இந்தப் பிள்ளைகள் மறுபடி விசாரிப்பது. அவ்வளவுதான் திட்டம். ஒரே ஒரு விதி வைத்தோம். 'புடிச்சிருக்கு', 'புடிக்கல' என்று மட்டும் சொல்லி உட்காரக் கூடாது. அதற்குப் பிறகு 'ஏன்னா' என்று ஒரு வார்த்தை வரவேண்டும்.

இந்த 'ஏன்னா'வை நம் ஜனங்கள் சொல்வதற்கு எவ்வளவு காலம் ஆனது என்பதை முதலில் யோசியுங்கள்.

1985 வரை நாம் இருந்தது ராமநாதபுரம் மாவட்டம். 1931 மக்கள் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்க, வெள்ளி நகை போடாதே, சட்டை போடாதே, கிராப்பு வைக்காதே, மண் பாத்திரம் தவிர வேறு புழங்காதே, குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே. மீறிய குடிசைகளைக் கொளுத்தினார்கள். அதற்கப்புறம் 1931 ஜூனில் பதினோரு தடைகள். அதில் ஒன்று, உங்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. இன்னொன்று, அவர்கள் மிராசுதாரின் மாடு மேய்க்க மட்டும்தான் வேண்டும்.

படிக்காதே என்று தனியாக ஒரு தடை போட்டிருக்கிறான். ஏன் போட்டான்? குடையும் செருப்பும் எதற்கு அடையாளமோ, அதைவிடப் புத்தகம் ஆபத்து என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் இன்னும் முழுசாகத் தெரியவில்லை.

இதே செட்டிநாட்டில் புத்தகத்துக்குப் பஞ்சமா? கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்கள் ஒரு லட்சத்தைத் தொடும். அவர் 1992இல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையில் நூலகமாக வைத்தது. தமிழ்க் குழந்தை இலக்கியத்துக்கே இந்தப் பக்கம்தான் தாய்வீடு என்று சொல்வார்கள். ராயவரத்துக்காரர் அழ. வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டவர். அவரும் என்னைப்போல வங்கி ஊழியர். பகலில் பேரேடு, ராத்திரியில் பாட்டு. அந்த உறவில் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு. அவர் பாட்டைப் பாடித்தான் நானும் ஒண்ணாப்புப் படித்தேன். ஆனால் பாட்டு எங்கள் தெருவுக்குப் பாடப்புத்தகத்துக்குள் இருந்துதான் வந்தது. கதைப் புத்தகம், சிறுவர் பத்திரிகை எல்லாம் மேலத்தெருவோடு நின்றது.

நான் ஆறாவது படிக்கும்போது பக்கத்து ஊரில் ஒரு படிப்பகம் இருந்தது. பேர் வேண்டாம். திண்ணையில் பெஞ்சு போட்டு, காமிக்ஸ் எல்லாம் கிடக்கும். ஒருநாள் உள்ளே போய் ஒன்றை எடுத்தேன். அங்கிருந்த பெரியவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. ரொம்பப் பிரியமாகக் கேட்டார்: "தம்பி எந்தத் தெரு?" சொன்னேன். "சரி, வச்சிட்டுப் போ. நாளைக்கு வா" என்றார். அந்த நாளை இருபத்தைந்து வருஷமாக வரவில்லை. அந்தக் கதையில் கடைசியில் என்ன ஆனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சரி, நாவலுக்கு வருவோம்.

'ஆதனின் பொம்மை' நம் மாவட்டத்துக் கதை. கீழடிக்குப் போகிற ஒரு பையன், அங்கே கிடைக்கிற பொம்மை வழியாக இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்தைய ஆதன் என்ற பையனைச் சந்திக்கிறான். மீதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். பையன்களுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "ஏன்னா, நம்ம பக்கத்து ஊரு புத்தகத்துல வருது." இது சின்ன விஷயமில்லை. தன் ஊர்ப் பேர் அச்சில் வருவதைப் பார்த்த சந்தோஷம். எங்கள் ஊர்ப் பேரெல்லாம் அச்சில் வந்தது எப்போது? கச்சநத்தம் 2018இல் வந்தது. கீழடியிலிருந்து அதிக தூரமில்லை. மூணு பேரை வெட்டிக் கொன்றபோது வந்தது.

புத்தகம் படித்த சூட்டில் ஒரு வேன் பிடித்துக் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2023 மார்ச்சில் திறந்தது. செட்டிநாட்டு வீடு மாதிரியே கட்டியிருக்கிறார்கள். உள்ளே பானை ஓடுகள். ஓட்டில் கீறிய தமிழி எழுத்து. ஆதன், குவிரன் என்று மனுசப் பேர்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது என்று தொல்லியல் துறை 2019இல் அறிக்கை கொடுத்தது. பானை வைத்திருந்த சாதாரண ஆளெல்லாம் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதற்கு இது சாட்சி என்று சொல்கிறார்கள். நானும் உணர்ச்சிவசப்பட்டுப் பிள்ளைகளிடம் சொன்னேன்: "பாருங்கடா, அந்தக் காலத்துல பானைல அவனவன் பேரை அவனவனே எழுதி வச்சிருக்கான்."

ஏழாவது படிக்கிற ஒருவன் சொன்னான்: "நம்ம டம்ளர்ல பேரு எழுதுனா அது தனி டம்ளரு ஆயிருமே சித்தப்பா."

யாரும் சிரிக்கவில்லை. அவன் தமாசுக்குச் சொன்னானா, நிஜமாகக் கேட்டானா என்று இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை. அடுத்தது உறைகிணறு. சுடுமண் வளையம் அடுக்கிய கிணறு. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு பிள்ளை கேட்டது: "இதுல நம்மாளுக தண்ணி எடுத்தாங்களா?" அந்தக் காலத்தில் சாதி இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு அது தெரியுமா? மண்ணுக்குள் கிணறு கிடைக்கும். யாரை அந்தக் கிணற்றில் இறைக்க விட்டார்கள் என்பது மண்ணுக்குள் கிடைக்குமா? தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒரு பெருமைக்காகச் சொல்லக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். ஆனால் அந்தப் பிள்ளை எதை நினைத்துக் கேட்டது என்று தெரியும். பக்கத்து மாவட்டத்தில் வேங்கைவயல். 2022 டிசம்பர். குடிதண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்துப் படுத்தது இதே வயசுப் பிள்ளைகள்தான்.

ஒரு நாவல் நல்ல நாவலா என்பதற்கு என்ன அளவு? அது எழுதாத கேள்வியையும் படிக்கிறவன் கேட்கும்படி செய்தால் அது நல்ல நாவல்தான். அந்த வகையில் 'ஆதனின் பொம்மை' இந்தப் பிள்ளைகளிடம் வேலை செய்திருக்கிறது. உறைகிணற்றுக் கேள்விக்குப் பதில் அதில் இல்லை என்பது நாவலின் குற்றமில்லை. அது நாம் எழுதவேண்டியது.

இரண்டாவது, 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. ஒரு சிறுமியிடம் மரப்பாச்சிப் பொம்மை பேசுகிறது. பிள்ளைகளின் உடம்பைத் தொடுகிற அயோக்கியத்தனத்தைப் பற்றித் தைரியமாகப் பேசுகிற புத்தகம். இதைப் படிக்கக் கொடுக்கலாமா என்று எங்களுக்குள்ளேயே தயக்கம். ஒரு தோழர், "பொம்பளப் புள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு" என்றார். அந்தத் தோழர் பெண்விடுதலை பற்றிக் கட்டுரை எழுதியவர். கொடுத்தோம்.

கூட்டத்தில் பெண்பிள்ளைகள் இதைப் பற்றிப் பேசவில்லை. பையன்கள் போன பிறகு பேசினார்கள், ஒரு ஆசிரியத் தோழியிடம். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் அடுத்த வாரம் இந்தச் சாவடிச் சுவரில் கரிக்கட்டையால் 1098 என்று பெரிசாக எழுதியிருந்தது. அதோ, இன்னும் இருக்கிறது பாருங்கள். குழந்தைகள் உதவிக்கான தொலைபேசி எண். 2012இல் வந்த போக்சோ சட்டத்தைப் பற்றி நாங்கள் துண்டுப் பிரசுரம் போட்டிருக்கிறோம். அது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. இது போய்ச் சேர்ந்திருக்கிறது.

பொதுக்கூட்டத்தில் ஒரே ஒரு பிள்ளை மட்டும் எழுந்து ஒன்று சொன்னது. "புடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு புடிக்கல. ஏன்னா, எங்க வீட்ல மரப்பாச்சி கெடையாது. மரப்பாச்சியெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடையிலதான் பாத்திருக்கேன், தொடக் கூடாதும்பாங்க. எங்க அப்பத்தாகிட்ட பொம்மை இல்ல. ஆனா அப்பத்தாவே பேசும். அது மாதிரி எழுதியிருக்கலாம்."

அப்பத்தாவே பேசும். தோழர்களே, 1992இல் பாமா 'கருக்கு' எழுதினார். அதற்கு முன்னால் 1989இல் சிவகாமி 'பழையன கழிதலும்' எழுதினார். 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. அம்பேத்கர் நூற்றாண்டையொட்டிக் கிளம்பிய அலையில் நம் அப்பத்தாக்களின் பேச்சை இலக்கியத்துக்குள் கொண்டுவரப் போராடினோம். இது கொச்சை, இது இலக்கியமில்லை என்றார்கள். போராடி உள்ளே கொண்டுவந்தோம். யாருக்கு எழுதினோம்? பெரியவர்களுக்கு. பேரன் பேத்திக்கு எழுத மறந்துபோனோம். அப்பத்தாவின் பேச்சு பல்கலைக்கழகப் பாடத்திட்டம் வரைக்கும் போய்விட்டது. அப்பத்தா மடியில் படுத்திருந்த பிள்ளைக்கு வரவில்லை.

மூணாவது, 'ஒற்றைச் சிறகு ஓவியா'. புத்தகத்தைத் திறக்கும் முன்னே தலைப்பை வைத்தே சண்டை. ஒத்தச் சிறகை வைத்துப் பறக்க முடியுமா, முடியாதா? முடியாது, கீழே விழுந்துரும் என்று பையன்கள். இன்னொரு ஒத்தச் சிறகுக்காரியோடு கையைக் கோத்துக்கிட்டா பறக்கலாம் என்று பிள்ளைகள். நாவல் என்ன சொல்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. இந்தச் சண்டை நாவலைவிட நீளமாகப் போனது. ஒரு பையன் மட்டும் கடைசி வரை, "எனக்கு மூணுமே புடிக்கல, ஏன்னா ஒண்ணுலகூட கிரிக்கெட் இல்ல, பேயும் இல்ல" என்று உறுதியாக நின்றான். அவனுடைய கருத்தையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறோம். ஜனநாயகம் என்றால் அதுதான்.

இடையில் விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' என்ற சின்னப் புத்தகத்தையும் உரக்க வாசித்தோம். பரிசுப் பட்டியலில் இல்லாதது. பள்ளிக்கூடத்தில் கையில் கட்டுகிற சாதிக் கயிறு பற்றியது. வாசித்து முடித்ததும் நிசப்தம். அப்புறம் ஒருவன், எந்தக் கலர் எந்தச் சாதிக்கு என்று வரிசையாகச் சொன்னான். பஸ் ரூட் சொல்கிற மாதிரி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனை வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கச்சியையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், பொட்டு இதெல்லாம் பள்ளியில் கூடாது என்றது. சட்டம் வரட்டும், வரவேண்டும். ஆனால் கயிற்றை அறுக்கிற கத்தரிக்கோல் அரசாணையில் மட்டும் இல்லை. கயிறு கட்டிய பிள்ளையும் கட்டாத பிள்ளையும் ஒரே கதையைப் படித்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, 'எனக்குப் புடிக்கல, ஏன்னா' என்று வாயால் சண்டை போடப் பழகினால், கையில் அரிவாள் எடுக்கிற வேலை கொஞ்சமாவது குறையாதா? இந்தச் சாவடிக்கு மேலத்தெருப் பிள்ளைகள் வரவில்லை. கூப்பிட்டோம். இரண்டு பேர் வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த முறை உள்ளே வருவார்கள் என்று நம்புகிறேன். யாரும் அவர்களிடம் எந்தத் தெரு என்று கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது என் அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த மூணு நாவலிலும் நம் வாழ்க்கை முழுசாக வரவில்லை என்று எனக்கு ஒரு குறை. கவிஞன் இல்லையா, நானே ஒரு கதை எழுதிவந்து வாசித்தேன். சேரிப் பையன், தீண்டாமை, தகப்பன் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிச் சாகிறான், அம்மா அழுகிறாள், பையன் வானத்தைப் பார்க்கிறான், முற்றும். பெரியவர்கள் கூட்டத்தில் வாசித்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பார்கள். இங்கே ஒரு பிள்ளை எழுந்தது. "புடிக்கல மாமா. ஏன்னா, நம்ம கதைன்னா எப்பவும் அழுதுக்கிட்டே இருக்கணுமா? அந்தப் பையன் ஒரு தடவகூட வெளயாடவே இல்ல."

உண்மைதான். நான் எழுதிய பையன் ஒரு தடவை கூட விளையாடவில்லை. நொங்கு வண்டி ஓட்டவில்லை, கண்மாயில் குதிக்கவில்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது இவ்வளவும் செய்தேனே! அடி வாங்கிய அன்றைக்கும் சாயங்காலம் விளையாடினேனே! எழுத உட்காரும்போது ஏன் அதையெல்லாம் பிடுங்கிவிட்டேன்? நம் வலியை உலகத்துக்குக் காட்டவேண்டிய அவசரத்தில் நம் சிரிப்பைச் சாட்சிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோமோ? ஆதிக்கக்காரன் நம்மை மனுசனாகப் பார்க்கவில்லை. நாமும் நம் பிள்ளையை வெறும் பாதிக்கப்பட்டவனாக மட்டும் எழுதினால் என்ன வித்தியாசம்? எழுதுகிற தோழர்கள் கோபிக்காமல் இதை யோசிக்கவேண்டும்.

இன்னொரு எதிர்ப்பு தாய்மார்களிடமிருந்து வந்தது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நூறு நாள் வேலைக்குப் போய் வந்த ஒரு அக்கா கேட்டது: "ஏந்தம்பி, நீ பரீச்சை எழுதித்தானே பேங்குல உக்காந்திருக்க? கதப் புத்தகம் படிச்சா வேல கெடைச்சிருமா? குரூப் ஃபோர் புத்தகம் வாங்கிக் குடு." நியாயம். வேலை வேண்டும். என் வீட்டில் மூணு வேளை அடுப்பு எரிவது அந்தப் பரீட்சையால்தான்.

நான் அக்காவிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். வங்கிக் கவுண்ட்டரில் தினமும் பார்க்கிறேன். கடன் பத்திரத்தில் பதினைந்து இடத்தில் கையெழுத்து வாங்குவோம். முந்தைய தலைமுறை கைநாட்டு வைத்தது. இப்போது நம் ஜனங்கள் அழகாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் ஒருத்தர் கூட, "இதுல என்ன எழுதியிருக்கு? எனக்கு இந்த எடம் சரியாப் படல, ஏன்னா" என்று கேட்பதில்லை. படித்த பிள்ளைகளும் கேட்பதில்லை. எழுத்தறிவு வந்துவிட்டது, எதிர்த்துக் கேட்கிற அறிவு வரவில்லை. அச்சடித்த எதுவும் பெரிய இடத்து வாக்கு, தலையாட்டவேண்டியதுதான் என்ற பழக்கம் ரத்தத்தில் கிடக்கிறது. பரிசு வாங்கிய புத்தகத்தையே 'இந்த எடம் புடிக்கல' என்று சொல்லப் பழகுகிற பிள்ளை, நாளைக்குப் பத்திரத்தையும் கேட்கும், பஞ்சாயத்துத் தீர்மானத்தையும் கேட்கும், என்னையும் கேட்கும். இயக்கத் தலைவர்களையும் கேட்கும், அதற்கும் நாம் தயாராக இருக்கவேண்டும். அக்கா கடைசியில், "சரி, ரெண்டையும் படிக்கட்டும்" என்றது. அதுதான் சரியான தீர்மானம். அண்ணலும் இரண்டையும் படித்தவர்தான். பள்ளிப் பருவத்தில் ஒரு பரீட்சை தேறியதற்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் தாதா கேலுஸ்கர் தான் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்தச் சிறுவன் அதை ஆர்வமாகப் படித்தான். 1956இல் நாகபுரியில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதற்கான வித்து ஒரு பிள்ளையின் கையில் கொடுத்த புத்தகத்தில் கிடந்திருக்கிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் நூலகர்கள் கொடுக்கிற கார்னகி பதக்கம் என்று ஒரு சிறுவர் இலக்கியப் பரிசு உண்டு. 1936இல் தொடங்கியது. அண்ணல் 'சாதி ஒழிப்பு' எழுதிய அதே வருஷம். அங்கே இறுதிப் பட்டியல் புத்தகங்களைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குழுவாகப் படித்து, நடுவர்களுக்கு இணையாகத் தங்கள் கருத்தைச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் 2017இல் அவர்கள் வெளியிட்ட 20 புத்தக நெடும்பட்டியலில் வெள்ளையர் அல்லாத எழுத்தாளர் ஒருவர்கூட இல்லை. எழுத்தாளர்கள் சத்தம் போட்டார்கள், விசாரணை வைத்தார்கள். 2019இல்தான் முதன்முறையாக வெள்ளையர் அல்லாத ஒருவருக்கு, எலிசபெத் அசெவெடோ என்ற கவிஞருக்கு, கவிதையிலேயே எழுதிய ஒரு நாவலுக்காகப் பதக்கம் போனது. 83 வருஷம்! பிள்ளைகளைக் கேட்பது மட்டும் போதாது. அவர்கள் கைக்கு வருகிற பட்டியலில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதையும் கேட்கவேண்டும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

கடைசியாக ஓட்டெடுப்பு. மூணு கொட்டாங்குச்சி வைத்தோம், நாவலுக்கு ஒன்று. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. உத்திரமேரூர்க் குடவோலை பற்றிப் பாடத்தில் பெருமையாகப் படிப்பார்கள். அங்கே வரி கட்டுகிற நிலம் இருக்கிறவன் பேரைத்தான் குடத்தில் போடமுடியும். இங்கே புளியங்கொட்டை இருந்தால் போதும். எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, டம்ளர் பற்றிச் சொன்னானே, அந்தப் பையன் நகரவில்லை. "எனக்கு மூணும் புடிச்சிருக்கு. ஆனா நம்ம கத ஒண்ணு வேணும். இன்னும் எழுதாத கத. அதுக்கு எதுல போடுறது?"

இன்னொரு கொட்டாங்குச்சி தேடி எடுத்துவந்து நாலாவதாக வைத்தோம். போட்டு முடித்து எண்ணினோம். எந்த நாவல் முதலில் வந்தது என்பதைச் சாவடிச் சுவரில் எழுதியிருக்கிறார்கள், போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது நாலாவது கொட்டாங்குச்சியை. அதில் ஒன்பது புளியங்கொட்டை விழுந்திருந்தது. கிரிக்கெட், பேய் கேட்ட பையனும் அதில்தான் போட்டிருக்கிறான். நம் கதையில் இரண்டையும் சேர்க்கவேண்டும் என்று நிபந்தனையும் போட்டிருக்கிறான்.

தோழர்களே, அந்த ஒன்பது கொட்டையும் நம்மேல் விழுந்த கடன். நான் வங்கிக்காரன், கடனைக் கணக்கில் எழுதாமல் விடமாட்டேன். அகாதெமிக்கு மனுப்போடுவோம், நடுவர் குழுவைப் பற்றிக் கேள்வி கேட்போம், அது ஒரு பக்கம். அதற்காகக் காத்திருக்கவேண்டாம். இங்கே வந்திருக்கிற மாணவர்கள் உங்கள் ஊர்ச் சாவடிக்குப் போய் மூணு புத்தகத்தோடு தொடங்குங்கள். எழுதுகிற தோழர்கள் ஆளுக்கொரு கதை எழுதுங்கள். அந்தப் பிள்ளை விளையாடவேண்டும். அப்பத்தா பேசவேண்டும். எழுதியதைப் பத்திரிகைக்கு அனுப்பும் முன் இந்த நடுவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். 'புடிக்கல, ஏன்னா' என்று அவர்கள் சொல்வதைக் கேட்கக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும், அவ்வளவுதான். என் கதையை நான் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்குப் பையன் கண்மாயில் குதித்திருக்கிறான். மேலே ஏறி வந்து என்ன செய்வான் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர்களிடம்தான் கேட்கப்போகிறேன்.